சிவப்புக் கூரை

2009-இல் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டாவுக்குக் குடிவந்த முதல் வாரம். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஓர் இடத்துக்கு வழி கேட்டேன். "பழைய பீட்சா ஹட் வரும், அங்கே இடப்பக்கம் திரும்பு" என்றார். அரை மணி நேரம் சுற்றியும் பீட்சா ஹட் கண்ணில் படவில்லை. அவர் சொன்ன முனையில் இருந்தது ஒரு சீன பஃபே.

கூரையைப் பார்க்க வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது. தொப்பி கவிழ்த்தது போல நடுவில் மேடாக எழும்பி நிற்கும் கூரை, சரிவகச் சன்னல்கள். பலகையில் என்ன பெயர் இருந்தாலும் அது பீட்சா ஹட்டுக்காகக் கட்டிய கட்டடம்தான்.

இந்த ஊருக்கு அது சொந்தக் கதை. 1958-இல் டான் கார்னி, ஃபிராங்க் கார்னி என்ற இரண்டு சகோதரர்கள் அம்மாவிடம் 600 டாலர் கடன் வாங்கி முதல் கடையைத் திறந்தது இங்கேதான். அந்தச் சின்னச் செங்கல் கட்டடத்தை அப்படியே பெயர்த்து விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழக வளாகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 2018 முதல் அது அருங்காட்சியகம். சிவப்புக் கூரை வந்தது 1969-இல். பிறகு நாடு முழுக்க ஒரே அச்சில் வார்த்த மாதிரி எழும்பின. வீட்டுக்கே பீட்சா வரத் தொடங்கியதும் உட்கார்ந்து சாப்பிடும் பெரிய கூடங்களுக்கு வேலை குறைந்தது. கடைகள் சின்ன இடங்களுக்கு மாறின, கூரைகள் மட்டும் நின்றுவிட்டன.

எங்கள் முனையில் இருப்பதும் அப்படி நின்றதுதான். சீன பஃபேக்குப் பிறகு வருமான வரி தாக்கல் செய்து தரும் அலுவலகம் ஒன்று வந்தது. பிறகு இரண்டு வருடம் பூட்டியே கிடந்தது. வேலைக்குப் போகும்போது அந்த இருட்டுச் சன்னல்களைப் பார்த்தால் எனக்கு என்னவோ போல இருக்கும். யாரோ தெரிந்தவர் வீடு காலியாகிவிட்ட மாதிரி.

ஒரு வசந்த காலத்தில் ஆலங்கட்டி மழை கொட்டியது. இங்கே எலுமிச்சம்பழ அளவில்கூட விழும். மறுநாள் பார்த்தால், பஃபேக்காரர் அடித்திருந்த பச்சைச் சாயம் கூரையில் திட்டுத்திட்டாகப் பெயர்ந்து, அடியில் சிவப்பு தெரிந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அங்கே தஞ்சாவூர்க்காரர் ஒருவர் உணவகம் நடத்துகிறார். திறந்த வாரமே பாட்டியை அழைத்துப் போனேன். தோசைக்குக் காத்திருக்கும்போது சன்னலோர மேசையைத் தடவிக்கொண்டே, மகளின் ஏழாவது பிறந்த நாளை இதே மூலையில் கொண்டாடியதாகச் சொன்னார். ஒவ்வொரு மேசைக்கு மேலும் வண்ணக் கண்ணாடி விளக்கு தொங்குமாம். உடனே நிமிர்ந்து பார்த்தேன். கூரைப் பலகையில் சாயம் பூசி மறைத்த கொக்கிகள் வரிசையாக இருந்தன.

"எதுக்குன்னு தெரியாமலே விட்டு வெச்சிருந்தேன் சார்" என்றார் கடைக்காரர். பாட்டி சொன்னதைத் தமிழில் சொன்னேன். போன மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தவர், நாச்சியார்கோவில் பித்தளைத் தொங்கு விளக்கு ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். பாட்டி உட்கார்ந்த மேசைக்கு மேலிருக்கும் கொக்கியில்தான் அது தொங்குகிறது.