காருக்குள் எலி புகுந்துவிட்டதா? ஏசியைப் போடாதீர்கள்

நாள்கணக்கில் நின்ற காரின் கதவைத் திறந்ததும் மூத்திர நாற்றம் அடிக்கிறது, மிதியடியில் எலிப்புழுக்கை கிடக்கிறது என்றால் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஏசி ஃபேனை அறவே தொட வேண்டாம். வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் சல்லடை வழியாக எலி இறங்கி, வெளிக்காற்று வரும் பாதையில் புகுந்து, காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கிழித்து, ஏசி ஃபேன் இருக்கும் ப்ளோயருக்குள்ளேயே கூடு கட்டும். ஃபேன் சுழன்றால் அந்தக் குப்பை முழுவதும் உங்கள் மூச்சில்தான் வந்து சேரும்.

பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பேட்டரிக்கு அடியில், ஏர் ஃபில்டர் பெட்டியில், பானட்டின் உள்பக்கப் பஞ்சில் தேடுங்கள். சைலன்சர் குழாய் தொடங்கும் இடத்தில் சருகோ துணியோ இருந்தால் எடுத்துவிடுங்கள், சூடேறினால் தீப்பிடிக்கும். பெட்ரோல் வாடை வந்தால் ஹோஸைக் கடித்திருக்கலாம். அப்போது ஓட்டிப் போகக் கூடாது, வண்டியைத் தூக்கித்தான் போக வேண்டும்.

எலி வரும் வழியை அடைப்பதற்கு முன்னால் எலியைப் பிடியுங்கள். இந்த வரிசை மாறினால் எலி உள்ளேயே சாகும். விஷம் வேண்டவே வேண்டாம் என்பேன். கடைகளில் கிடைக்கும் விஷ வில்லைகளில் பல, தின்ற எலியைக் கொல்லச் சில நாள் எடுக்கும். அது டேஷ்போர்டுக்குள் போய்ச் செத்தால் மொத்தத்தையும் கழற்றாமல் நாற்றம் போகாது. பொறியே நல்லது. இருக்கைக்கு முன்னால் தரையில் ஒன்று, வெளியே டயர் ஓரமாகச் சுவரை ஒட்டி இரண்டு. பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும். அதனால் முதல் 2, 3 இரவுகள் பொறியை ஏற்றாமல் கருவாடோ தேங்காய்ச் சில்லோ மட்டும் வையுங்கள். தின்னப் பழகிய பிறகு ஏற்றுங்கள். ஒன்று விழுந்ததும் நிறுத்திவிடாமல் தரையில் மாவு தூவி, காலடி பதிகிறதா என்று பாருங்கள்.

சுத்தம் செய்ய, கதவுகளை அரை மணி நேரம் திறந்து வைத்துவிட்டு, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். புழுக்கையைப் பெருக்கவோ வாக்குவம் போடவோ கூடாது, தூசி பறக்கும். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் மூத்திரத்தில்தான் இருக்கிறது. 1 பங்கு ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனைத்து, 5 நிமிடம் ஊறவிட்டுக் காகிதத்தால் துடையுங்கள். வயர், கனெக்டர் மேல் ப்ளீச் பட்டால் அரிக்கும்; இருக்கைத் துணி வெளுக்கும். அங்கெல்லாம் வேறு கிருமிநாசினி போதும். கேபின் ஃபில்டரைக் கழுவாதீர்கள், புதிதாக மாற்றுங்கள்.

பிறகு அடைப்பு. 6 மி.மீ. கண்ணுள்ள துருப்பிடிக்காத எஃகு வலையைச் சல்லடைக்கு அடியில் பொருத்துங்கள். ஃபோமை எலி கடித்துவிடும். மழைநீர் வடியும் துளை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல கார்களில் ஏசியை ரீசர்குலேஷனில் (உள்காற்றே சுழலும் நிலையில்) வைத்து அணைத்தால் வெளிக்காற்றுக் கதவு மூடியே இருக்கும்; செலவில்லாத தடுப்பு.

புகையிலையும் அந்துருண்டையும் வாடை இருக்கும்வரைதான். அதிலும் அந்துருண்டையைக் குழந்தைகள் ஏறும் காருக்குள் வைக்கவே கூடாது. அந்த ஆவி நஞ்சு.

கடிபட்ட வயரைத் தொடுமுன் படம் எடுத்து இன்சூரன்ஸுக்குத் தெரிவியுங்கள். வெறும் டேப் சுற்றினால் ஈரம் ஏறும். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட வேண்டும். ஏர்பேக்கின் மஞ்சள் வயரையும், ஹைப்ரிட், மின்சாரக் கார்களின் ஆரஞ்சு கேபிளையும் நீங்கள் தொடாமல் சர்வீஸ் சென்டரிடம் விட்டுவிடுங்கள்.