அழித்துவிட்ட ஒரு வரி

‘ரிஃபிஃபி’ படத்தின் கொள்ளைக் காட்சிக்கு, காது கேளாதோருக்கான தமிழ் கேப்ஷனைச் சரிபார்த்தபோது தொடக்கத்திலேயே ஒரு வரி இருந்தது: [இசை இல்லை]. எழுதியவர் வேலைக்குப் புதிது. “இல்லாத சத்தத்துக்கு எதுக்கும்மா கேப்ஷன்?” என்று கேட்டு அழித்தேன். “இல்லைங்கிறது அவங்களுக்கு எப்படி சார் தெரியும்?” என்றார். அதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை.

1955இல் ஜூல்ஸ் டாஸ்ஸன் பிரான்ஸில் எடுத்த படம். நகைக்கடைக்கு மேலே உள்ள வீட்டின் தரையை உடைத்து ஒரு நால்வர் கூட்டம் கடைக்குள் இறங்குகிறது. ஏறக்குறைய அரை மணி நேரத்துக்குப் பேச்சும் கிடையாது, இசையும் கிடையாது. இசையமைப்பாளர் ஜார்ஜ் ஓரிக் இந்தக் காட்சிக்கு இசை எழுதியே கொடுத்தார். இசையோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை போட்டுக் காட்டியதும், வேண்டாம் என்று அவரே ஒப்புக்கொண்டார். அவ்வளவு யோசித்து எடுத்த முடிவை ஒரு பார்வையாளர் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நான் அடைத்தேனா?

வேலை விதிப்படி நான் செய்தது சரி. கண்ணுக்குத் தெரிகிற சத்தத்தை எழுத வேண்டியதில்லை. சுத்தியல் அடிப்பது தெரிந்தால் [சுத்தியல் சத்தம்] வீண். இல்லாத சத்தத்துக்கு எங்களிடம் விதியே கிடையாது. ஆனால் இந்தக் காட்சியில் விதி கைகொடுக்காது. சின்னத் துளை வழியே குடையை நுழைத்து, கீழே விரித்து, உதிரும் காரையை அதில் பிடிக்கிறார்கள். குடையும் தெரிகிறது, காரையும் தெரிகிறது. எவ்வளவு மெல்லிய சத்தத்தோடு விழுகிறது என்பது மட்டும் தெரியாது. கடையின் அலாரமோ அதிர்வுக்கே அலறிவிடும். [காரை விழும் சத்தம்] என்று எழுதினால் அந்த அளவு போய்விடும். [காரை குடைக்குள் பொலபொலவென உதிர்கிறது] என்று மாற்றினேன். பிறவியிலேயே காது கேளாதவருக்கு இரட்டைக்கிளவி எதைச் சொல்லும் என்று கேட்கலாம். உதிர்கிற விதத்தையாவது சொல்லும் என்று நம்புகிறேன்.

அலாரத்துக்குள் தீயணைப்பான் நுரையைப் பீய்ச்சி அதன் வாயை அடைத்த பிறகுதான் ட்ரில் பெட்டகத்தை அறுக்கத் தொடங்குகிறது. [ட்ரில் காதைப் பிளக்கிறது] என்று அந்தப் புதியவர் எழுதியிருந்தார். படிக்கப்போவது யார் என்று நினைத்துப் பார்த்து [ட்ரில் கிறீச்சிடுகிறது] என்று திருத்தினேன். அந்தத் திருத்தத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகமெல்லாம் அந்த முதல் வரியில்தான். காது கேட்பவருக்கும் இசை இல்லை என்று யாரும் அறிவிப்பதில்லை. சில நிமிடம் போன பிறகு அவராகவே உணர்கிறார். தொடக்கத்திலேயே சொல்வது அவசரம். ஆனால் காது கேளாதவர் எத்தனை நிமிடம் காத்திருந்தாலும் உணரப்போவதில்லை. வரியே வராவிட்டால் ஃபைல் பழுது என்று நினைத்து ரிமோட்டைத்தான் தேடுவார். அப்படியென்றால் பிழை இடத்தில் இருந்தது, வரியில் இல்லை. நகர்த்தியிருக்க வேண்டியதை அழித்துவிட்டேன். நகர்த்தினாலும், இயக்குநர் சொல்லாமல் விட்டதை நாம் சொல்வது முறையா என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

ஒரு வரி 7 வினாடிக்கு மேல் திரையில் நிற்கக் கூடாது என்பது எங்கள் கணக்கு. குடை விரிவதற்குச் சற்று முன் அந்த 7 வினாடி காலியாகத்தான் கிடக்கிறது.