சுரமானிக் கம்பியும் கெண்டைக்கால் தசையுறையும்

வெள்ளவத்தையில் நான் இயன்மருத்துவராகப் பணியாற்றும் சிகிச்சை நிலையத்துக்குச் சென்ற மாதம் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர் இரண்டு அல்ட்ராசவுண்ட் ஸ்கான் அறிக்கைகளுடன் வந்தார். நாள்தோறும் காலையில் மரைன் டிரைவில் நடப்பவர். நடக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே வலது கெண்டைக்கால் இறுகி இழுப்பதாகச் சொன்னார். அறிக்கைகள் இரண்டும் வெவ்வேறு இடங்களில் பெறப்பட்டவை. கெண்டைக்கால் தசையுறையின் விறைப்பு முதலாவதில் 24 கிலோபாஸ்கல் என்றும், ஒரு மாதம் கழித்துப் பெற்ற இரண்டாவதில் 7.5 கிலோபாஸ்கல் என்றும் இருந்தது. “தம்பி, ஒரு மாதத்திலை என்ரை கால் மூண்டு மடங்கு இளகிப் போச்சோ?” என்று கேட்டார். இழுப்பு அப்படியே இருந்ததால், இளகவில்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

அல்ட்ராசவுண்ட் கருவி விறைப்பை நேரடியாக அளப்பதில்லை. ஓர் அலையின் வேகத்தையே அளக்கிறது. கருவி குவித்து அனுப்பும் ஒலித்துடிப்பு திசுவை உள்ளே மெல்லத் தள்ள, அந்த இடத்திலிருந்து பக்கவாட்டாக ஒரு குறுக்கலை பரவுகிறது. அது நகர்வதைக் கருவி செக்கனுக்கு ஆயிரக்கணக்கான படங்களாகப் பிடித்துப் பின்தொடர்கிறது. படம் பிடிக்கும் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1540 மீற்றர் ஓடும் நெட்டாங்கு அலையாகவும், பின்தொடரப்படும் குறுக்கலை மென்திசுவில் செக்கனுக்குச் சில மீற்றரே நகர்வதாகவும் இருப்பதால்தான் இது கைகூடுகிறது. குறுக்கலையின் வேகத்தின் வர்க்கத்தைத் திசுவின் அடர்த்தியால் பெருக்கினால், பக்கவாட்டுச் சறுக்கலைத் திசு எவ்வளவு எதிர்க்கிறது என்று காட்டும் விறைப்பு மட்டு கிடைக்கும். திசு அமுக்கமுடியாதது, எல்லாத் திசைகளிலும் ஒரே இயல்புடையது என்று கொண்டால், இழுப்பை அது எவ்வளவு எதிர்க்கிறது என்று காட்டும் யங்கின் மட்டு அதைப்போல் மூன்று மடங்கு. சில கருவிகள் முதலாவதைக் காட்டுகின்றன, சில இரண்டாவதை. இரண்டுக்கும் அலகு கிலோபாஸ்கல்தான். எது என்பதை இரு அறிக்கைகளும் சொல்லவில்லை. ஆனால் 24ஐ யங்கின் மட்டாகவும் 7.5ஐ விறைப்பு மட்டாகவும் எடுத்து வேகத்துக்கு மாற்றினால் செக்கனுக்கு ஏறத்தாழ 2.8 மீற்றர், 2.7 மீற்றர் என வந்துவிடுகின்றன. மாஸ்டர் அதை என் மேசையிலிருந்த பழைய உறையின் பின்புறத்தில் தாமே கணித்துப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு அதைவிடப் பெரிய ஐயம் ‘தசையுறை’ என்ற சொல்லில்தான் இருந்தது. கெண்டைக்கால் தசைகளைப் போர்த்தியிருக்கும் ஆழ்ந்த உறை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பே உடையது. ஸ்கான் படத்தில் ஒரு வெண்கோடாகத் தெரியும். அளவெடுக்கும் வட்டத்தைச் சில மில்லிமீற்றர் அகலமாக வைத்தால் அதற்குள் பெரும்பகுதி தசையே அடங்கும். வட்டத்தைச் சுருக்கினாலும் சிக்கல் தீராது. சில நூறு ஹேட்ஸ் அதிர்வெண்ணில் செல்லும் இந்த அலையின் அலைநீளம் சென்ரிமீற்றர் அளவிலானது. அதைவிட மிக மெல்லிய தகட்டுக்குள் அலை கட்டுண்டு செல்லும்போது அதன் வேகம் தடிப்பையும் அதிர்வெண்ணையும் சார்ந்துவிடுவதால், மேலே சொன்ன எளிய சூத்திரம் அங்கே அப்படியே பொருந்தாது.

இதற்கும் மேலாக ஒன்று உண்டு. அதை விளக்க எனக்கு மாஸ்டரின் பாடமே உதவியது. உயர்தர வகுப்பில், பெட்டியின்மேல் கம்பியை இழுத்துக் கட்டி அதன் அதிர்வை ஆராயும் சுரமானியில், கம்பியின் இழுவையைக் கூட்டினால் குறுக்கலையின் வேகம் கூடும், கம்பியின் உலோகம் மாறுவதில்லை. இழுக்கப்பட்ட நார்த்திசுவிலும் அவ்வாறே. பாதத்தை மேல்நோக்கி வளைத்தால் கெண்டைக்கால் இழுபட்டு அலை விரைகிறது. பாதத்தைத் தொங்கவிட்டால் தணிகிறது. ஆகவே கணுக்கால் எந்தக் கோணத்தில் இருந்தது என்று எழுதாத விறைப்பளவு, இழுவை எழுதாத சுரமானிப் பெறுபேறு போன்றது. முழங்காலை மடித்திருந்தாரா, நீட்டியிருந்தாரா என்பதும் முக்கியம், ஏனெனில் கெண்டைக்காலின் மேற்புறத் தசை முழங்காலையும் கடந்து தொடையெலும்பில் பற்றியிருக்கிறது. கருவியைத் தோலில் அழுத்தினாலும் அளவு உயரும் என்பதால், ஜெல்லைத் தடிப்பாகப் பூசிக் கருவியின் பாரம் காலில் இறங்காதபடி பிடிக்க வேண்டும்.

மூன்றாவது ஸ்கானுக்கு நான் எழுதிய கடிதத்தில், குப்புறப் படுத்து, முழங்கால் நீட்டி, பாதம் கட்டிலின் விளிம்புக்கு வெளியே கணுக்கால் 90 பாகையில் பலகையால் தாங்கப்பட்டிருக்க, இரு கால்களிலும் பலமுறை அளந்து, கிலோபாஸ்கலுக்குப் பதிலாக அலையின் வேகத்தையே தரும்படி கேட்டேன். தசையுறைக்கென்று தனி எண் கேட்கவில்லை. நோகும் காலை நோகாத காலோடு ஒப்பிட்டாலே என் வேலைக்குப் போதும்.

கடிதத்தை வாசித்த மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, “வேகம் எண்டு எழுதினால் திசையும் எழுத வேணும் தம்பி, இல்லாட்டில் கதி எண்டு எழுதும்” என்றார். அவர் சொன்னது இலக்கணத்துக்காக. ஆனால் தசையில் அலை நாரின் வழியே விரைவாகவும் குறுக்கே மெதுவாகவும் செல்வதால், நான் விட்டிருந்ததும் அதுவே. ‘நாரின் திசையில்’ என்று சேர்த்துக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.