மொட்டை மாடி வகுப்பும் தினசரி காலண்டரும்

தெருவில் ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைகளுக்கு வானம் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறேன். தொலைநோக்கியை இன்னும் வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு தடவை எட்டிப்பார்த்து "சூப்பர் மாமா" என்றுவிட்டுப் போய்விடுவார்கள், வானத்தில் எந்தப் பக்கம் பார்த்தோம் என்பதுகூட மனதில் நிற்காது. அதனால் இந்த மாசியில் வெறும் கண், ஒரு நோட்டு, அப்புறம் வீட்டில் தொங்குகிற தினசரி காலண்டர், அவ்வளவுதான்.

காலண்டரில்தான் அன்றைய நட்சத்திரம் போட்டிருக்குமே. "இன்னைக்குக் கார்த்திகை, நிலா எங்க நிக்குதுன்னு பாருங்க" என்றேன். அரை நிலா, கார்த்திகைக் கூட்டத்துக்குப் பக்கத்தில். மறுநாள் ரோகிணி, நிலா கிழக்கே தள்ளி, அந்தச் செம்மஞ்சள் நட்சத்திரத்தின் பக்கம் போயிருந்தது. கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால், அந்த முட்டி வானத்தில் சுமார் 10 டிகிரியை மறைக்கும். நிலா ஒரு நாளில் நகர்வது சுமார் 13. பிள்ளைகள் நோட்டில் எழுதியது "ஒரு முட்டியும் கொஞ்சமும்", எனக்கு அதுவே போதும்.

உடனே ஒரு பெண் பிடித்துக்கொண்டாள்: மேற்கே இறங்குகிற நிலா எப்படிக் கிழக்கே நகரும்? பதில் சொல்லவில்லை, 7 மணிக்கும் 9 மணிக்கும் நிலாவையும் பக்கத்து நட்சத்திரத்தையும் சேர்த்து வரையச் சொன்னேன். இரண்டுமே மேற்கே சாய்ந்திருந்தன, ஆனால் நிலா நட்சத்திரத்தைவிடக் கொஞ்சம் பின்தங்கியிருந்தது. மணிக்குத் தன் அகலம் அளவுக்கு அது கிழக்கே போகிறது, பூமி சுழல்வதால் மொத்த வானமும் மேற்கே போகிறது. இதைப் புரியவைக்கத்தான் ரொம்ப நேரம் பிடித்தது, இரண்டு பேருக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.

திருவாதிரை அன்று பெரிய சண்டை. "மாமா, காலண்டர் தப்பு!" சிவப்பாகத் தெரிகிற ஆதிரையைவிட்டு நிலா ஒரு முட்டிக்கும் அதிகமாக வடக்கே தள்ளி நின்றது. நிலா போகிற பாதையை 27 சம பங்காக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள், அந்த நட்சத்திரம் பாதையிலேயே இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை என்றேன். அப்புறம் ஆளாளுக்குத் தங்கள் ஜென்ம நட்சத்திரத்தைக் காட்டச் சொல்லி நச்சரிப்பு. பூராடக்காரனை விடியற்காலையில் எழுந்து வரச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்தது துருவ நட்சத்திரம். மதுரையிலிருந்து அது அடிவானத்துக்கு மேலே ஒரே முட்டி உயரம்தான், எங்கள் மாடியில் தண்ணீர் டேங்க் மறைக்கிறது. எதிர்வீட்டு அக்காவிடம் மாடிச் சாவி கேட்டிருக்கிறேன்.