தந்திப் பற்றுச்சீட்டில் இருக்கும் நேரம்

இந்தியாவில் தந்திச் சேவை நின்றது 2013 ஜூலை 14, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று டில்லித் தந்திக் கந்தோரில் சனம் வரிசையில் நின்று, ஞாபகத்துக்கென்று வீட்டுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கடைசித் தந்தி அடித்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். மட்டக்களப்பில் என் வீட்டில் இருந்து அதைப் பார்த்தேன். தந்திப் பியோனாகச் சேர்ந்து, பிறகு கவுன்டருக்கு வந்து, அங்கிருந்தே பென்சன் எடுத்தவன் நான். அதனால் பிள்ளைகள் இப்போதும் கேட்பார்கள், 'தந்தி வந்தால் ஊரே அழுமாமே?' என்று. அழும்தான். ஆனால் நான் எழுத வந்தது அதை அல்ல. தந்திக் கொப்பியிலும் பற்றுச்சீட்டிலும் ஒரு மூலையில் பதிந்திருக்கும் நேரத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று கனகாலமாக மனதில் கிடக்கிறது.

முதலில் இது எங்கே இருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இரசாயனம் படிப்பித்த வில்லியம் ஓஷானசி என்ற அயர்லாந்து டொக்டர் 1839இலேயே கம்பி கட்டிப் பரிசோதித்துப் பார்த்தார். நாட்டை ஆண்ட கிழக்கிந்தியக் கும்பினி அப்போது கண்டுகொள்ளவில்லை. டல்ஹவுசி கவர்னர் ஜெனரலாக வந்த பிறகுதான் 1850இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையில் வேலை தொடங்கியது. அப்புறம் நடந்த வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. 1854 மார்ச்சில் ஆக்ராவும் கல்கத்தாவும் கம்பியில் பேசின. சில வருடங்களில் பெஷாவர், பம்பாய், மதராஸ், ஊட்டி என்று சுமார் 4,000 மைல் கம்பி ஓடிவிட்டது. பொதுசனமும் காசு கட்டி அனுப்பலாம் என்று ஆனது.

இவ்வளவு அவசரமும் ஆட்சிக்காரரின் தேவைக்குத்தான். 1857 மே மாதம் சிப்பாய்க் கிளர்ச்சி டில்லிக்குள் வந்தபோது, அங்கிருந்த தந்தி ஊழியர்கள் அம்பாலாவுக்குச் செய்தி அடித்துவிட்டுத் தப்பி ஓடினார்கள். அந்தச் செய்தி பஞ்சாபுக்குப் போய் வெள்ளைக்காரர் முந்திக்கொண்டார்கள். டில்லி காஷ்மீரி கேட் பக்கத்தில் அந்தத் தந்தி ஊழியர்களுக்கு நினைவுத் தூண்கூட இருக்கிறது. அடுத்த வருடம், 1858இல், எங்கள் தீவில் கொழும்புக்கும் காலிக்கும் இடையில் முதல் கம்பி. கிட்டத்தட்ட அதே காலத்தில் மன்னார்ப் பக்கக் கடலுக்கு அடியாலும் கம்பி போட்டு இந்தியாவோடு தொடுத்தார்கள். ஆக, நான் படித்த படிவமும் பழகிய முறையும் ஓஷானசியின் வழியாக வந்தவைதான்.

ஆளுவதற்கென்று கட்டிய கம்பியைச் சனம் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1985இல் இந்தியாவில் ஒரு வருடத்துக்கு 6 கோடித் தந்திகள் போயின, 45,000 கந்தோர்களில் இருந்து. அவற்றில் எத்தனையோ 'தாய் கடுமை, உடன் வரவும்' வகைதான்.

எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. விலாசமும் கணக்கில் சேரும். அதனால் எழுத வருகிறவர்கள் படிவத்தில் நாலைந்து தரம் வெட்டி வெட்டி எழுதுவார்கள். பெரும்பாலும் ஆங்கிலம். ஆங்கிலம் தெரியாத வீட்டுக்குப் போனால் பியோன்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். எனக்கு வேலை பழக்கிய மூத்த பியோன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சுகமான செய்தி என்றால் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே படலையில் நின்று 'சுகத் தந்தி!' என்று சத்தம் போடுவார். அதற்குள் பாதி வீடு கிணற்றடியில் இருந்தும் குசினியில் இருந்தும் ஓடி வந்திருக்கும். அவர் சத்தம் போடாமல் இறங்கினால் விஷயம் விளங்கிவிடும். அந்த வழக்கத்தைக் கடைசி வரை நானும் விடவில்லை.

1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். விடிந்து பார்த்தால் தந்திக் கம்பமும் தென்னையும் ஒன்றின் மேல் ஒன்று. கம்பி எது, ஓலை எது என்று பிரித்து எடுக்க முடியவில்லை. வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்கு ஊர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. லைன் திரும்ப வந்ததும் கட்டுக் கட்டாக வந்த தந்திகள் எல்லாம் ஒரே கேள்விதான்: 'வயர் வெல்ஃபேர்'. இரண்டே சொல். உயிரோடு இருக்கிறீர்களா, பதில் அடியுங்கள்.

வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைத் தந்திகளை எடுத்துக்கொண்டு குருமண்வெளித் துறையில் ஓடம் ஏறி மண்டூருக்குப் போனேன். ஓடக்காரர் காசு வாங்கவில்லை. 'யாருக்கெல்லாம் வந்திருக்கு?' என்று மட்டும் கேட்டார். கூரை இல்லாத ஒரு வீட்டில், ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெத்தா, வயதான அம்மா, நெல்லைக் காயவிட்டுக்கொண்டு இருந்தார். தந்தி திருகோணமலையில் வேலை செய்த மகனிடம் இருந்து வந்திருந்தது. நான் வழக்கம்போலச் சத்தம் போட்டும் கை நீட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்தில் குந்தி இருந்து வாசித்துச் சொன்னேன்.

"அப்ப அவன் இரிக்கானா மகன்?"

"இரிக்கார் பெத்தா. நீங்க இரிக்கிங்களா எண்டுதான் கேட்கிறார்."

பிறகுதான் கைநாட்டு வைத்தார். பதில் தந்திக்குக் காசு இருக்கவில்லை. ஒரு கொத்து நெல்லை என் பையில் கட்டித் தந்து, இதை வித்து அடித்துவிடு என்றார். அடித்தேன்.

சரி, நேரத்துக்கு வருகிறேன். தந்தியின் தலைப்பில் ஒரு வரி இருக்கும். எந்தக் கந்தோரில் இருந்து, எத்தனை சொல், எந்தத் திகதி, எத்தனை மணிக்குக் கையில் தந்தது என்று அதில் பதிவாகும். பெறுகிறவர் பக்கத்தில் வந்து சேர்ந்த நேரமும் கையெழுத்தும் வாங்கப்படும். அனுப்பியவர் கையில் பற்றுச்சீட்டு. ஒரு வெளி ஆள், அதுவும் அரசாங்க ஆள், 'இந்தச் சொற்கள் இந்த மணிக்கு என் கையில் தரப்பட்டன' என்று முத்திரை குத்தித் தருகிறார். சட்டமும் இதை மதித்தது. 1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 88ஆம் பிரிவு, தந்திக் கந்தோரில் கொடுத்த செய்திதான் மறுமுனையில் போய்ச் சேர்ந்தது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்றது; 2024இல் அந்தச் சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம் வந்துவிட்டது. பழைய பிரிவின்படி, கொடுத்த ஆள் யார் என்பதை மட்டும் ஊகிக்கக் கூடாது. அதைத் தனியே நிரூபிக்க வேண்டியிருந்தது. எங்கள் 1895 சாட்சியக் கட்டளைச் சட்டமும் அந்த இந்தியச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டதுதான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு விளங்கியது 1991இல். யுத்த காலம், லைன் இருக்கிற நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. லைன் இருந்த ஒரு நாள் காலையில், வாவிக்குக் கிழக்கே இருக்கும் எழுவான்கரைக் கிராமம் ஒன்றில் இருந்து ஒரு தாய் வந்தார். முதல் நாள் இரவு மகனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். கொழும்பில் பெரிய இடம் ஒன்றுக்கு அடிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தது. சீலைத் தலைப்பில் முடிந்திருந்த சில்லறையைப் பார்த்துவிட்டு, செலவு குறையட்டும் என்று நான் சில சொற்களுக்குக் கோடு போட்டேன். என்ன வெட்டுகிறேன் என்று கேட்டார். 'தயவு செய்து' என்பதை என்றேன்.

"அத வெட்டாத மகன். காசு நான் தாறன்."

அதை விட்டுவிட்டேன். பிறகு பற்றுச்சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்துத் தெரியாது அவருக்கு. "இதில நேரம் போட்டிரிக்கா?" என்று கேட்டார். முத்திரையைத் தொட்டுக் காட்டினேன். பொலித்தீன் பைக்குள் வைத்து மடித்து, அதை இன்னொரு பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மகன் வரவில்லை. 1994இல் காணாமற்போனோரைப் பற்றி விசாரிக்க சனாதிபதி ஆணைக்குழுக்கள் வந்தபோது, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் முதலில் வந்தார். அதில் என்ன இருக்கிறது என்று திரும்ப ஒரு தரம் வாசித்துத் தரச் சொன்னார். எத்தனை மணி என்பதைத் தன் வாயால் சொல்லிப் பழகிக்கொண்டு போனார். அவரைப் போல வேறு தாய்மாரும் வந்தார்கள். பிடித்த அன்றைக்கே தெரிவித்தோம், இத்தனை மணிக்குத் தெரிவித்தோம் என்று காட்ட அவர்களிடம் இருந்தது அந்தத் தாள் மட்டும்தான்.

இந்தியாவிலும் ஏழைகள் தந்தியை இப்படித்தான் பிடித்திருந்தார்கள். வீட்டில் சாவு என்று பட்டாளத்துச் சிப்பாய் லீவு கேட்டால் மேலதிகாரி நம்புவது தந்தியைத்தான். வக்கீல்மார் நோட்டீசுக்குப் பதில் தந்தி அடித்து அதை வழக்குக் கட்டில் கோப்பார்கள். எல்லாவற்றிலும் பெரியது 1995இல் நடந்தது. பஞ்சாபில் ஆட்களைக் காணாமல் ஆக்கி இரகசியமாக எரித்ததைச் சுடலைப் பதிவேடுகளில் இருந்து வெளியில் கொண்டு வந்த ஜஸ்வந்த் சிங் கால்ரா, செப்டம்பர் மாதம் அமிர்தசரஸில் தன் வீட்டு வாசலில் வைத்தே கடத்தப்பட்டார். குருத்துவாரா நிர்வாகக் குழுத் தலைவர் குர்சரண் சிங் தோரா உச்ச நீதிமன்ற நீதிபதி குல்தீப் சிங்குக்கு ஒரு தந்தி அடித்தார். நீதிமன்றம் அந்தத் தந்தியையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்து விசாரித்தது. கால்ரா உயிரோடு திரும்பவில்லை. ஆனால் அந்த வழக்கு பிறகு பொலிஸ்காரர் தண்டனை பெறும் வரை போனது. இதை நான் வாசித்த அன்று, 1991இல் வந்த அந்தத் தாயை நினைத்து வெகுநேரம் பேசாமல் இருந்தேன். எங்கள் தந்திகளை மனுவாக எடுத்துக்கொள்ள ஆள் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தந்தி ஏன் விழுந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. இந்தியாவில் 80களில் தெருவுக்குத் தெரு, வெளியூருக்குப் பேசுகிற எஸ்.டி.டி. பூத் வந்தது. 1995 ஜூலையில் மொபைல் வந்தது, பிறகு எஸ்.எம்.எஸ். கடைசிக் காலத்தில் தந்திக் கந்தோர்கள் 75 அளவில்தான் மிஞ்சியிருந்தன. அரசாங்கத் தொலைபேசி நிறுவனம் பி.எஸ்.என்.எல். 2011இல் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தும் நட்டம் தீரவில்லை. இங்கே கொம்யூனிகேஷன் கடைகள் வந்தன, 2002 யுத்த நிறுத்தத்துக்குப் பிறகு கைத்தொலைபேசி வீடு வீடாகப் பரவியது. என் மகளின் குரலை ஒரு நிமிடத்தில் கேட்க முடிகிற காலத்தில் இரண்டு சொல்லுக்குக் கந்தோருக்கு நடக்கச் சொல்ல நானும் மாட்டேன்.

எனக்கு இருக்கும் மனவருத்தம் வேறு. செய்தி கொண்டு போகிற வேலையைத்தான் போன் எடுத்துக்கொண்டது. சாட்சி சொல்கிற வேலையை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் நாட்டில் 2006இன் மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டப்படி வட்ஸ்அப் செய்தியையும் நீதிமன்றத்தில் காட்டலாம், சரிதான். ஆனால் போன் தண்ணீரில் விழுந்தால், நம்பர் மாறினால், பேரன் எல்லாவற்றையும் அழித்துவிட்டால், அந்தத் தாயின் கையில் என்ன இருக்கும்? பதிவுத் தபால் இருக்கிறது, ஆனால் அது போய்ச் சேர நாள் எடுக்கும். பிள்ளையைக் கொண்டுபோன இரவுக்கு அடுத்த காலையில், எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் போய், சில நூறு ரூபாய்க்குள் 'நான் சொன்னேன், இந்த மணிக்குச் சொன்னேன்' என்று முத்திரையோடு ஒரு தாள் வாங்க ஓர் இடம் வேண்டும். தபாற்கந்தோர்கள் இன்றும் ஊருக்கு ஊர் திறந்துதான் இருக்கின்றன. தந்தியை மூடும்போது அந்த ஒரு வேலையையாவது அங்கே வைத்திருக்கலாம், இந்தியாவிலும் இங்கேயும். இப்போதும் தொடங்கலாம்.

கடைசியாக, மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2016 சட்டத்தோடு வந்த காணாமற்போனோர் அலுவலகத்துக்குப் பைலைத் தூக்கிக்கொண்டு போகிற அம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ அயலிலோ அந்தக் காலத்துத் தந்திக் கொப்பியோ பற்றுச்சீட்டோ இருந்தால் லாமினேட் பண்ண வேண்டாம், சூட்டில் பழைய மை மங்கிப் போகலாம். மடிப்பை மெதுவாக விரித்து, இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். போட்டோக் கொப்பி இரண்டு எடுத்து வேறு வேறு வீட்டில் வையுங்கள். மூலத்தை யார் கேட்டாலும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், கொப்பியைக் கொடுங்கள். தலைப்பில் இருக்கும் எண்களும் எழுத்துக்களும் விளங்காவிட்டால் படத்தை எனக்கு அனுப்புங்கள். எந்தக் கந்தோர், எத்தனை சொல், எத்தனை மணி என்று வாசித்து எழுதித் தருகிறேன்.