இடது பக்கம்

ஜூன் 9

இடது காதுக்கு உள்ளே இருக்கிற கட்டி 2.8 சென்டிமீட்டர்.

டிசம்பர் படத்தில் 2.5 இருந்தது. ஸ்கேன் எடுத்த இடத்திலேயே உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 10

சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் கேட்காமல் புளி கரைத்துக்கொண்டே இருந்தாள். இரவு எல்லாரும் படுத்த பிறகுதான், "ஏங்க, அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகாதா?" என்றாள். ஆறு மாசமாக நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நிறையப் பேருக்கு இது வளராமலே கிடக்குமாம். வளர்ந்தாலும் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தானாம். எனக்கு ஆறே மாசத்தில் மூன்று.

ஜூன் 12

தூக்கம் இல்லை. இடது காதில் அந்த ஒலி மேல் ஷட்ஜத்துக்கும் கொஞ்சம் தூக்கலாக நிற்கிறது. சுருதிப் பெட்டியை இரண்டரைக் கட்டையில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். சேரவில்லை. சேர்ந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். எட்டு வயதில் நாயனத்துக்குச் சுருதி கொடுக்கிற ஒத்துக் குழலைப் பிடித்து நின்றதிலிருந்து சுருதி விலகினால் எனக்கு உடம்பு கூசும். இப்போது விலகிய சுரம் ஒன்று தலைக்குள்ளேயே குடியிருக்கிறது. அதற்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை, நிறுத்தவும் தெரியாது.

ஜூன் 16

அறுவை சிகிச்சை டாக்டர். நல்ல மனுஷன், அவசரப்படவில்லை. காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து, சிறுமூளையை மெல்ல ஒதுக்கி, உள்ளே போவார்களாம். புற்று இல்லை, பரவாது. ஆனால் இருக்கிற இடம்தான் கஷ்டம். கட்டி வந்திருப்பது காதுக்குப் போகிற எட்டாம் நரம்பில். முகத்தை அசைக்கிற ஏழாம் நரம்பும் அதே எலும்புக் குழாய் வழியாகத்தான் வருகிறது. கட்டி பெருக்கப் பெருக்க அது நசுங்கித் தட்டையாகி, கட்டியின் மேலேயே ஒட்டிக்கொள்ளும்.

"அந்தக் காது போயிடும்னே வச்சுக்குங்க சார்" என்றார். சரி. அது ஏற்கெனவே பாதிக்கு மேல் போய்விட்டது.

"முகம்?"

"காப்பாத்தத்தான் பார்ப்போம்."

ஒன்று முதல் ஆறு வரை ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். ஒன்று என்றால் இயல்பு, ஆறு என்றால் அந்தப் பக்கம் அசைவே இல்லை. இரண்டு வந்தால் ரொம்ப நல்லது, மூன்றும் மோசமில்லை என்றார். மூன்றில் முயற்சி செய்தால் கண் மூடுமாம், வாய் லேசாகக் கோணுமாம். நான் பையிலிருந்து, நாயனத்தின் வாயில் செருகி ஊதுகிற சீவாளியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். இதை உதட்டால் கவ்வித்தான் ஐயா வாசிக்கணும், இடது ஓரத்தில் இம்மி காற்று கசிந்தால் சுரம் தொங்கிவிடும் என்றேன். நாயனத்தில் விரல் வைக்க ஏழே துளைதான். தோடி ராகத்துக் காந்தார சுரத்தின் அசைவு அந்தத் துளையில் இல்லை, உதடும் மூச்சும் கொடுக்கிற அழுத்தத்தில் இருக்கிறது. அவர் சீவாளியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை நீங்க காட்டினது நல்லதாப் போச்சு" என்றார். எனக்கு அது போதவில்லை. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு மொத்தமும் இருக்கிறது.

ஜூன் 18

வடபழனியில் முகூர்த்தம். தம்பியை வலப்பக்கம் நிறுத்திக்கொண்டேன். கெட்டிமேளம் சொன்னது கேட்கவில்லை, அவன் முழங்கையால் இடித்தான்.

ஜூன் 21

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு காது டாக்டரிடம் போனேன். பெயர் வேண்டாம். "தவில் பக்கத்துல நிக்கிற ஆளு, காது கேக்காமத்தான் போகும்" என்று சிரித்துவிட்டு மாத்திரை எழுதினார். தவில் சத்தம் இரண்டு காதுக்கும் பொதுதானே? ஒரு காது மட்டும் இப்படி இறங்கினால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும் என்று இப்போது பார்க்கிற டாக்டர்கள் எல்லாரும் ஒரே வாயாகச் சொல்கிறார்கள். அப்போதே எடுத்திருந்தால் அது எவ்வளவு இருந்திருக்கும்? ஒன்றரையா? ஒன்றா? நரம்பு நசுங்காமல் இருந்திருக்குமா? இதையே நினைத்துக்கொண்டு மந்தைவெளி மார்க்கெட்டில் எதுவும் வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன். ஒரு சிரிப்பில் இரண்டு வருஷம் போய்விட்டது.

ஜூன் 25

கதிர்வீச்சு டாக்டர். காமா நைஃப். தலையில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, சுமார் இருநூறு கதிர்களை ஒரே இடத்தில் குவிப்பார்களாம். தையல் கிடையாது, ஒரே நாளில் முடிந்துவிடும், சீக்கிரமே வாசிக்கவும் போகலாம். முகத்துக்கு ஆபத்து ரொம்பக் குறைவு. இதைக் கேட்டதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம்தான் மிச்சத்தைச் சொன்னார். மூன்று சென்டிமீட்டர் வரைதான் இதற்கு ஏற்றது, நான் விளிம்பில் இருக்கிறேன். கட்டி அங்கேயே இருக்கும், வளர்ச்சி நின்றால் அதுதான் வெற்றி. முதல் வருஷத்தில் கொஞ்சம் வீங்கவும் செய்யலாம். என் கட்டி இப்போதே மூளைத்தண்டைத் தொட்டு அழுத்துகிறது. பிறகு அறுவை செய்ய நேர்ந்தால் நரம்பைக் கட்டியிலிருந்து பிரிப்பது இதைவிடச் சிரமம்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருக்கிறது.

ஜூன் 26

பையனுக்கு மல்லாரி பாடம், சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிறது. வேறு எதையும் நினைக்கவில்லை.

ஜூன் 29

கும்பகோணத்திலிருந்து மாமா போன். "தலையில கத்தி வைக்க விடாதே மாப்ளே." அண்ணி ஒரு லேகியம் சொல்கிறார்கள். தவில்கார அண்ணன், "உயிர் இருந்தா போதும்ப்பா, மத்ததெல்லாம் அப்புறம்" என்கிறார். அவரிடம் கோபப்பட்டுவிட்டேன். அவருக்கு விரல் மரத்துப்போகும் என்று யாராவது சொன்னால் இப்படிப் பேசுவாரா? என் மேல் பிரியத்தில்தான் சொல்கிறார் என்பது தெரியும். ஆனால் எல்லாரும் என் தலையைப் பற்றிப் பேசுகிறார்கள், உதட்டைப் பற்றிப் பேச ஆளில்லை.

ஜூலை 2

பறக்கும் ரயில் நிலையத்தில் படி இறங்கும்போது விளக்கு போய்விட்டது. இருட்டில் உடம்பு இடது பக்கம் சாய்கிறது. கைப்பிடியைப் பிடித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் செல்போன் வெளிச்சம் காட்டிக் கீழே கொண்டுவந்து விட்டார்கள். சுவாமி புறப்பாட்டில் பின்னோக்கி நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். அங்கே விழுந்தால்?

ஜூலை 5

சென்ட்ரல் எதிரே ஜி.எச். ராமமூர்த்தி டாக்டர் 1950-ல் தொடங்கிய நரம்பு அறுவைத் துறை என்று அழைத்துப்போன நண்பர் சொல்லிக்கொண்டே வந்தார். காத்திருந்த கூட்டத்தில் தலை மழித்த குழந்தை ஒன்று என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இங்கே பார்த்த டாக்டர் வயதில் சின்னவர். முழுக்க எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்றார். முகத்துத் தசைகளில் ஊசி மின்முனைகள் பொருத்தியிருப்பார்கள், நரம்புக்குப் பக்கத்தில் கருவி போனால் சத்தம் வரும். பிரிக்க முடியாத இடத்தில் நரம்பின் மேல் மெல்லிய படலமாகக் கட்டியை விட்டுவிடலாம். மூளைத்தண்டின் அழுத்தம் போய்விடும். விட்டது பின்னால் வளர்ந்தால் அப்போது கதிர்வீச்சு.

இதை ஏன் யாரும் முதலிலேயே சொல்லவில்லை? வெளியே வந்து சாலையைக் கடக்கும்போது காலே தரையில் பாவவில்லை.

ஜூலை 6

அந்தக் கருவியின் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஜூலை 8

விட்ட படலம் வளர்ந்தால்? மறுபடி ஸ்கேன், மறுபடி உறையைப் பிரிப்பது. சாகும்வரை இதுதான். முழுக்க எடுத்துவிட்டால் மனசு நிம்மதி, ஆனால் நரம்பு என்ன ஆகும்? விட்டுவைத்தால் நரம்பு பிழைக்கலாம், நிம்மதி கிடையாது. அதோடு, நரம்பு முழுசாக இருந்தாலும் சில நாள் கழித்து முகம் தொங்கலாமாம். அது பெரும்பாலும் திரும்பி வந்துவிடும் என்கிறார்கள். பெரும்பாலும், பெரும்பாலும். கண்ணாடி முன்னால் நின்று உதட்டைக் குவித்துப் பார்க்கிறேன். பல் தேய்க்கும்போதுகூட.

ஜூலை 12

போனில் சின்ன டாக்டர். அறுவைக்குப் பிறகு மூக்கைச் சிந்தவே கூடாது, முக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. மூளைநீர் கசியும். நாயனம்? கொஞ்ச நேரம் பேச்சில்லை. "காயம் நல்லா ஆறணும். நான் பார்த்துச் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க."

ஆவணி முகூர்த்தங்கள் போச்சு. ஐப்பசியும் சந்தேகம். மார்கழியில் எப்படியும் கல்யாணம் இல்லை. தையை நம்பலாம். ஆவணிக்கு வாங்கிய முன்பணத்தை எல்லாம் தம்பி பேரில் மாற்றிக் கேட்க வேண்டும். பையன் அவனோடு நிற்பான். மல்லாரி இன்னும் சுத்தமாக வரவில்லை.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை நாயனத்தில் வாசித்த தோடியை வலது காதில் மட்டும் வைத்துக் கேட்டேன். அந்தக் காலத்து ரெக்கார்டு, ஒரு காதுக்கே எல்லாம் வந்துவிடுகிறது. ஒரு இடம்கூடக் குறையவில்லை. இதற்கு முன்னால் இப்படிக் கேட்டுப் பார்க்க ஏன் பயந்தேன் என்று தெரியவில்லை. வெகு நேரம் அழுதேன், நல்ல அழுகை.

ஜூலை 20

சம்மதப் படிவம். "முழுமையாக அகற்றுதல்" என்று அச்சாகியிருந்தது. அதை அடித்து, "முகநரம்பில் ஒட்டியதை விட்டுவிடவும், நோயாளி நாகஸ்வரக் கலைஞர்" என்று எழுதச் சொன்னேன். டாக்டர் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் எனக்குக் கீழே போட்டாள். பேனா நடுங்கவில்லை. காப்பீட்டு அட்டை நகல் இன்னும் ஒன்று வேண்டுமாம்.

ஜூலை 22

தேதியை ஒரு வாரம் தள்ளிவிட்டார்கள், கட்டில் காலி இல்லை. கோவிலிலிருந்து ஆள் வந்தார், ஆடி வெள்ளிக்கு அம்மன் புறப்பாடு இருக்கிறதாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.