பெங்களூர் குளிரும் பொங்காத மாவும்

டிசம்பர் பிறந்தால் அல்சூரிலும் சரி, ஜீவன்பீமா நகரிலும் சரி, தமிழ் வீடுகளில் ஒரே புலம்பல்: "மெட்ராஸ்ல மாவு காலையில மூடியத் தள்ளிட்டு நிக்கும். இங்க வச்சது வச்சபடி இருக்கு." காரணமும் கூடவே வரும். குளிர் என்பார் ஒருவர், தண்ணீர் என்பார் இன்னொருவர், ஊர் மேட்டில் இருக்கிறது என்பார் மூன்றாமவர். நல்ல ஆராய்ச்சிக்கு இந்தப் புலம்பல் போதும்.

மேட்டை முதலிலேயே கழித்துவிடலாம். பெங்களூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 920 மீட்டர் மேலே. காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. அழுத்தம் குறைந்தால் குமிழ் கொஞ்சம் பெரிதாகத்தான் ஆகும். அந்தக் கணக்குப்படி மாவு இங்கே கூடுதலாகப் பொங்க வேண்டும்! (தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிப்பதால் இட்லி வேகக் கொஞ்சம் நேரம் கூடலாம். அது வேறு கதை.)

அடுத்து, கேள்வியையே பிளக்க வேண்டும். "பொங்கல" என்ற சொல்லுக்குள் இரண்டு கோளாறு ஒளிந்திருக்கிறது. லூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலமும் கார்பன் டை ஆக்சைடும் விடுகின்றன; அது நடக்காமல் இருக்கலாம். அல்லது வாயு வந்தும், உளுந்தின் கொழகொழப்பு அதைப் பிடித்து வைக்காமல் விட்டிருக்கலாம். பாத்திரத்தை எட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

சதாசிவநகரில் ஆய்வு நிலையம் கண்ட சி.வி. ராமன், 1921இல் கப்பலில் வரும்போது செய்ததும் இப்படி ஒரு பிளப்புதான். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலே சொல்லியிருந்தார். ராமன் ஒரு நிகால் பட்டகத்தின் (ஒளியை வடிகட்டும் படிகத்தின்) வழியே பார்த்து, பிரதிபலிப்பை மட்டும் வெட்டினார். நீலம் அப்படியே இருந்தது. நம் சமையலறையில் பட்டகத்தின் வேலையைச் செய்யப்போவது, புளிப்பை நிறத்தால் காட்டும் பிஎச் தாள்.

800 கிராம் இட்லி அரிசி, 200 கிராம் முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். 4 மணி நேரம் ஊறவைத்து, ஒரே தடவையில் ஆட்டி, உப்புப் போட்டுக் கலக்குங்கள். ஒரே மாவிலிருந்துதான் எல்லாப் பாட்டிலுக்கும் போக வேண்டும். பக்கம் நேராக உள்ள அரை லிட்டர் கண்ணாடிப் பாட்டில் ஆறு எடுத்து, ஒவ்வொன்றிலும் 200 மில்லி ஊற்றி, மட்டத்தில் ரப்பர் பேண்டு போடுங்கள். அடி குறுகின டம்ளர் வேண்டாம். அதில் உயரத்தை வைத்துக் கன அளவைச் சொல்ல முடியாது.

இரண்டு பாட்டில் சமையல் மேடையில். இரண்டு, தெர்மாகோல் பெட்டிக்குள் வெந்நீர் பாட்டிலோடு, 30 டிகிரி பக்கத்தில். மீதி இரண்டில் 50 மில்லி தண்ணீர் கூடுதலாக ஊற்றி, ரப்பர் பேண்டைப் புது மட்டத்துக்கு ஏற்றி, அதே பெட்டிக்குள். பிஎச் பார்க்க ஒவ்வொரு வகையிலும் ஒரு சின்னக் கிண்ணம் தனியாக வையுங்கள். பொங்கும் பாட்டிலில் கரண்டி விட்டால் நுரை அமுங்கி அளவு கெட்டுப்போகும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், தண்ணீர் புகாத டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார் போதும். அளக்க வேண்டியது மாவின் சூட்டை, அறையின் சூட்டை அல்ல. கிரைண்டரிலிருந்து மாவு சூடாகத்தான் இறங்கும். மேடையில் இருப்பதுகூட முதல் இரண்டு மணி நேரம் குளிரைக் காட்டாது.

பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்: காலை ஆறு மணிக்கு மட்டும் பார்ப்பது. பெட்டியில் இருந்தது ராத்திரி பொங்கி, விடிவதற்குள் அமுங்கியிருக்கலாம். மேடைப் பாட்டில் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும். ஆறு மணிக்கு இரண்டும் ஒரே உயரம். "குளிருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்று தப்பாக எழுதிவிடுவோம். இரண்டு மணிக்கொரு தடவை குறியுங்கள், தூக்கம் வந்தால் போனில் டைம்லேப்ஸ் போட்டுவிடுங்கள். 6 செ.மீ. 9 ஆனால் 50 சதவீதம் ஏற்றம். சதவீதமாகவே எழுதுங்கள், தண்ணீர் சேர்த்த பாட்டிலின் தொடக்க மட்டம் வேறு.

பிஎச் எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்: புதுமாவில் 6 சொச்சம், நன்றாகப் புளித்ததில் 4.5 பக்கம். மேடை மாவு 5.5க்குக் கீழே இறங்கவில்லை, ஏறவும் இல்லை, பெட்டி மாவு இரண்டும் செய்தது என்றால் குற்றவாளி குளிர். மேடைப் பாட்டிலை இன்னும் பத்து மணி நேரம் விட்டுப் பாருங்கள். பிறகு பொங்கினால் குளிர் தாமதம்தான் செய்தது என்று தெரியும். பெட்டிப் பாட்டில்கள் எல்லாம் புளித்திருந்து, தண்ணீர் கூடியது மட்டும் படுத்திருந்தால், வாயு வந்து தப்பிவிட்டது. எதுவுமே ஏறாமல் எல்லாம் புளித்திருந்தால் உளுந்தைச் சந்தேகப்படுங்கள்: ஆட்டிய உளுந்து மாவில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் அது மிதக்க வேண்டும். ஒன்று மட்டும்: அமிலம் வந்தால் வாயுவும் வந்திருக்கும் என்பது தோராயம்தான். அமிலம் மட்டும் விடும் பாக்டீரியாக்களும் மாவில் உண்டு.

தண்ணீர் காவிரியா போர்வெல்லா என்பதை இதிலேயே நுழைக்காதீர்கள். அதற்கு ஊறவைப்பதிலிருந்தே தனி மாவு வேண்டும், தனியாக ஆட்டவும் வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

பாட்டிலில் உள்ளதை எப்போதும்போல இட்லி ஊற்றலாம். பிஎச் தாள் பட்ட கிண்ணத்து மாவை மட்டும் கொட்டிவிடுங்கள்.